ஷிராஸா, கேபர்னேவா?

போன மாதம் எங்கள் ரெஸ்டாரண்ட் மேனேஜர், கோலார் தங்கவயலிலிருந்து வந்து அங்கே பரிமாறும் என்னிடம், கஸ்டமர்கள் முன்னாலேயே, "கேஜிஎஃப் பொண்ணு, உனக்கு வைன் பத்தி என்ன தெரியும்? தட்டு எடு, போதும்" என்றார். அன்றிலிருந்து காத்திருந்தேன்.

இன்று ஓனர் மேடம் பாட்டில்களைப் பேப்பரில் சுற்றி, இரண்டு சிவப்பு வைன்களை ஊற்றிக் கொடுத்து, எது ஷிராஸ் திராட்சை வைன், எது கேபர்னே திராட்சை வைன் என்று எங்களைக் கேட்டார்.

மேனேஜர் முதல் கிளாஸைக் குடித்துவிட்டு, "ஷிராஸ். டவுட்டே இல்ல" என்றார்.

"இல்ல சார், இது கேபர்னே. ஈறு வரைக்கும் துவர்க்குது, நாக்கு காஞ்சு போகுது. ரெண்டாவதுதான் ஷிராஸ். நாவல்பழம் மாதிரி வழவழன்னு இறங்கி, கடைசில மிளகு காரம் நிக்குது."

மேடம் பேப்பரைப் பிரித்தார். நான் சொன்னதுதான் சரி.

"இன்னொரு வாய் குடிச்சுப் பாருங்க சார்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. குடித்தார். முகம் காது வரை சிவந்துவிட்டது.

பெருந்தன்மையாக விட்டிருக்கலாமே என்பவர்கள் கமெண்டில் வாருங்கள். இன்று நல்ல மூடில் இருக்கிறேன்.