மஞ்சள் பனியனில் பேச்சி

சாயம் போட்டு வந்த புதுத்துணியில், காய்ந்த பிறகும் ஒரு புளித்த வாடை தங்கியிருக்கும். எங்கள் பள்ளிக் கால்பந்து அணியின் சிவப்புப் பனியனை முதன்முதலாகத் தலைவழியே மாட்டியபோது மூக்கில் ஏறியது அந்த வாடைதான். ஏற்றுமதிக்கு ஆகாதென்று கழித்த "செகண்ட்ஸ்" துணி என்பதால் ஒருத்தியின் சிவப்பு இன்னொருத்தியின் சிவப்போடு ஒத்துப்போகாது. அதைப் போட்டுக்கொண்டுதான் மாவட்டப் பெண்கள் இறுதியாட்டத்துக்கு உடுமலைப்பேட்டை போனோம். திருப்பூரில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதற்கு முந்தைய மார்கழி அது. நான் பத்தாம் வகுப்பு.

பயிற்சி கொடுத்த பொன்னுசாமி, பனியன் கம்பெனியில் "லைன்" என்கிற தையல் மிஷின் வரிசைக்குச் சூப்பர்வைசர். நாங்கள் "மாஸ்டர்" என்போம். ஆட்டத்தையும் கம்பெனிப் பேச்சிலேயே சொல்லித்தருவார். டெய்லருக்குப் பக்கத்தில் இருந்து துணியை மடித்து எடுத்துக் கொடுப்பவருக்குக் "கைமடி" என்று பெயர். நடுவில் ஆடி பந்தை எடுத்துக் கொடுக்கும் நான் கைமடி. முன்னால் நின்று கோல் போடும் பேச்சியம்மாள் டெய்லர். "குடுத்துப்போட்டு வேடிக்கை பாக்காதே கண்ணு, அடுத்த பீஸ் வருதல்ல" என்று என்னை விரட்டிக்கொண்டே இருப்பார்.

பேச்சியின் குடும்பம் தெற்கிலிருந்து பிழைக்க வந்தது. அப்பா சாயப்பட்டறையில், அம்மா நிஜமாகவே கைமடி. விளையாட்டு விடுதியில் எடுத்துக்கொண்டால் மேலே படிக்கலாம், இல்லையென்றால் பத்தாவதோடு அம்மாவுடன் கம்பெனிக்கு என்று வீட்டில் முடிவாகியிருந்தது. விடுதிக்கு ஆள் எடுக்கும் அம்மையார் அன்று பந்தலில் உட்கார்ந்திருந்தார். பேச்சியின் ஆட்டத்தைக் கேள்விப்பட்டு, அதைப் பார்க்கவே வந்திருந்தார்.

ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் எங்கள் கோல்கீப்பர் ஜோதிமணி மோதி விழுந்தாள், மணிக்கட்டு வீங்கிவிட்டது. மாற்றுக் கீப்பர் எங்களிடம் இல்லை. மாஸ்டர் பேச்சியைக் கூப்பிட்டார்.

"அந்த மேடம் என்னையப் பாக்கத்தான வந்திருக்காவ மாஸ்டர். நான் முன்னாடியே நிக்கேன்."

"தெரியுங்கண்ணு. ஆனா லைன் நிக்கக்கூடாதல்ல. உன்னைய உட்டா அங்க நிக்க ஆளில்லை. கப்பு அடிச்சா அவங்களே கூப்புடுவாங்க, போ."

கம்பெனியில் ஓர் ஆள் லீவு போட்டால், எந்த மிஷினும் ஓட்டத் தெரிந்த நல்ல டெய்லரைத்தான் எழுப்பி அந்த இடத்தில் உட்கார வைப்பார்கள். மாஸ்டர் அதைத்தான் செய்தார். பேச்சி சிவப்பைக் கழற்றி, ஜோதிமணியின் மஞ்சள் பனியனை மாட்டிக்கொண்டாள். அது அவளுக்குத் தோளில் பிடித்தது.

முன்னால் ஆளில்லாமல் நான் பந்தை யாருக்கோ கொடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் பேச்சி பாய்ந்து பாய்ந்து விழுந்தாள். கோல் இல்லாமல் முடிந்து ஆட்டம் பெனால்டிக்குப் போனது. மடத்துக்குளத்துப் பிள்ளை ஒருத்தி, எதிரணியின் கெட்டிக்காரி, அடித்த கடைசிப் பந்தைப் பேச்சி இரண்டு கையாலும் தட்டிவிட்டாள். ஜெயித்தோம். அவளைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினோம். அவள் பந்தலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் பந்தலுக்குப் போய்ப் பேசினார். "கீப்பர் எங்ககிட்ட இருக்காங்க சார். ஃபார்வர்டுதான் வேணும்" என்றார் அந்த அம்மையார். மடத்துக்குளத்துப் பிள்ளையை எடுத்துக்கொண்டார். "முன்னாடி ஆடறதை இன்னொரு நாள் பாருங்க" என்று மாஸ்டர் கேட்டதற்கு, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

தையில் கோர்ட் உத்தரவால் பட்டறைகள் மூடின, பேச்சியின் அப்பாவுக்கு வேலை போனது. பங்குனியில் பரீட்சை எழுதிய பேச்சி, சித்திரையில் கைமடியாகச் சேர்ந்தாள். ஆடிக்குள் குடும்பமே ஊரைக் காலி செய்துவிட்டுத் தெற்கே போய்விட்டது. எந்த ஊர் என்று நாங்கள் யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

பயிற்சி எடுத்த மைதானத்தில் இப்போது நூல் குடோன் நிற்கிறது. பள்ளி அணி கலைந்து வெகுகாலம் ஆகிறது. போன ஐப்பசியில் ஊத்துக்குளி ரோட்டு டீக்கடையில் மாஸ்டரைப் பார்த்தேன். நலம் விசாரித்து முடித்த பிறகு அவராகவே தொடங்கினார்.

"அன்னைக்குப் பேச்சிய அங்க நிறுத்தலீன்னா தோத்திருப்பமல்லங்கண்ணு?"

"தோத்துத்தானுங்க இருப்போம்."

"தோத்தே போயிருக்கலாங்கண்ணு" என்றார். டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டு எழுந்து போனார்.