மூன்று வாரம் சட்டைக்காரியாக இருந்த முரியல்

சுங்கை பெசாரில் முரியல் டீச்சரைத் தெரியாதவர்கள் குறைவு. முப்பது வருஷம் அங்கே பாடம் சொன்னவள். வயல்காரர் பிள்ளையும் மீன்காரர் பிள்ளையும் அவளிடம் குட்டு வாங்கித்தான் இங்கிலீஷ் படித்தார்கள். ஆனால் மலாயாவின் அவசரகாலத்தில் அவள் மூன்று வாரம் சட்டைக்காரியாக இருந்த கதை அங்கே யாருக்கும் தெரியாது. வெள்ளைக்காரக் கலப்புள்ள யுரேஷியன் சனங்களை எங்கள் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வோம். முரியலுக்கும் வெள்ளைக்காரனுக்கும் இருந்த ஒரே சம்பந்தம், அவள் அப்பா துரையின் வயிற்றுவலிக்கு மருந்து கலந்து கொடுத்ததுதான்.

அவள் அப்பா எர்னஸ்ட், கோலசிலாங்கூர் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். என் அப்பா சன்னாசி புகைக்கூண்டில் ரப்பர் ஷீட் காயப் போடுகிறவர். கூலிகள் குடியிருக்கும் லயத்திலிருந்து இங்கிலீஷ் பள்ளிக்குப் போன பெண் நான் ஒருத்தி. ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸிலிருந்து அவள் ஒருத்தி. காலையில் முள்கம்பி வேலிக் கேட்டில் நின்று அடையாளக் கார்டைக் காட்ட வேண்டும். காட்டுக்குள் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதா என்று ஒரு பெண் காவலாளி எங்கள் டப்பாவைக் கிளறிப் பார்ப்பாள். பிறகு ஆற்றைப் படகில் தாண்டி டவுனுக்குப் போவோம். முரியல் படிப்பில் புலி. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தே பாஸானவள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சீனியர் பரீட்சை முடிந்ததும் இருவரும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டோம். அந்தக் கல்லூரியில் இனத்துக்கு இத்தனை இடம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். எங்கள் வட்டாரத்தில் இந்தியப் பெண்ணுக்கு ஓர் இடம், யுரேஷியன் பெண்ணுக்கு ஓர் இடம். இந்திய இடம் முரியலுக்குத்தான் என்பது எனக்கே தெரியும். அது கிடைக்காவிட்டால் எனக்கு ரப்பர்ப் பால் எடுக்கும் பால்மரக் கத்திதான். சும்மா போய்ப் பார்ப்போம் என்றுதான் நேர்முகத் தேர்வுக்குப் போனேன்.

முரியல் குடும்பத்தைப் போன்ற வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், செய்கிற ஒரு காரியம் அங்கே வந்து நின்றது. நான் நவமணி, சன்னாசியின் மகள். விண்ணப்பப் பாரத்திலும் அப்படித்தான் இருக்கும். அவர்களோ ஞானஸ்நானம் கொடுக்கும்போது ‘மகள்’ என்பதை எழுதாமல் அப்பா பெயரை வெறுமனே ஒட்டிவிடுவார்கள். முரியல் எர்னஸ்ட். பெயரைப் பார்த்த வெள்ளைக்கார அம்மாள், “நீ யுரேஷியன், அப்படித்தானே?” என்று கேட்டுக்கொண்டே பாரத்தில் தானே ஒரு கோடு போட்டாளாம். முரியல் என்னைவிட ஒரு படி கறுப்பு. அந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருக்கலாம். முரியலும் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அவளோ ஆமாம் என்றுவிட்டாள்.

திரும்பி வரும்போது படகில் இதைச் சொன்னாள். முதலில் சிரித்தேன். அப்புறம் கோபம் வந்தது. ஏண்டி பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

“இந்தியர் இடம் ஒண்ணுதான்டி. நான் அந்த வரிசையில நின்னா உனக்குக் கிடைக்குமா? இப்ப ரெண்டு பேருமே போலாம்லா.”

அப்படியானால் நிஜமான சட்டைக்காரப் பெண் ஒருத்திக்குப் போக வேண்டிய இடம் என்னாகும் என்று கேட்டேன். முரியல் படகுக்கு வெளியே கையை விட்டுத் தண்ணீரை அளைந்தாள். நானும் இரண்டாம் முறை கேட்கவில்லை. கோபம் ஒரு பக்கம், காலேஜுக்குப் போகப் போகிறேன் என்ற குதூகலம் ஒரு பக்கம். எது பெரிது என்று கேட்டால் குதூகலம்தான்.

இருவருக்கும் கடிதம் வந்தது. எனக்கு இந்தியர் இடம், அவளுக்கு யுரேஷியன் இடம். சேர வரும்போது அடையாளக் கார்டைக் கொண்டுவர வேண்டும் என்று கீழே ஒரு வரி. முரியலின் கார்டில் இந்தியர் என்று கணக்கெழுதும் தோட்டத்துக் கிராணி கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார். மகள் ரசம் சோற்றைக் கரண்டியால் சாப்பிடப் பழகுவதைப் பார்த்து, இவளுக்கு என்ன வந்தது என்று டிரஸ்ஸரய்யா என் அம்மாவிடம் கேட்டிருக்கிறார். பாவம், அவருக்கு எதுவும் தெரியாது.

கார்டு தொலைந்ததாகச் சொன்னால் புதுக் கார்டு கொடுப்பார்கள், அதில் இனத்தை மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்பது முரியலின் யோசனை. பழையதைக் கிழிக்கப் பயந்து, வீட்டிலிருந்த மாதா படத்தின் பின் அட்டைக்குள் சொருகிவிட்டாள். கார்டு படகிலிருந்து ஆற்றில் விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன் என்று நான் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டேன். அவள் மாட்டிக்கொண்டால் இந்தியர் வரிசைக்குத் திரும்பி வந்துவிடுவாளோ என்று எனக்குள் ஒரு பயம் இருந்தது. சிநேகத்துக்காகப் போட்ட கையெழுத்து என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

படித்த முட்டாள்கள் நாங்கள். காட்டுக்காரர்கள் தோட்டத்து ஆட்களிடம் கார்டைப் பிடுங்கிக்கொண்டு போகிற காலம் அது. தொலைந்த கார்டு ஒவ்வொன்றும் காட்டுக்குப் போன கார்டு என்றே போலீஸ் நினைத்தது. அதிலும் தொலைத்தவள் டிரஸ்ஸரின் மகள். கார்டு போன வழியில் மருந்தும் போயிருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். மறுநாள் ஆஸ்பத்திரி அலமாரியைக் கவிழ்த்துப் போட்டு எண்ணினார்கள். முரியலை ஸ்டேஷனிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். இரண்டு நாள் ஆயிற்று. அப்பாவையும் மகளையும் தடுப்புமுகாமுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து சொன்னார். முகாமுக்குப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. முரியலோ ஆற்றில் விழுந்தது என்ற ஒரே பேச்சையே பிடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை நான் தனியாக ஆற்றைத் தாண்டிப் போனேன். பொய் சாட்சி சொன்னதற்கு என்னையும் உள்ளே வைப்பார்கள். உண்மையைச் சொன்னால் முரியலின் படிப்பு போய்விடும். சொல்லாவிட்டால் அவளே போய்விடுவாள். என் இடத்துக்கு மட்டும் ஆபத்தில்லை என்று ஏனோ அந்த நேரத்தில் தோன்றியது. இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர், வயதானவர். “துவான், கார்டு ஆத்துல விழல. அவ வீட்டு மாதா படத்துக்குப் பின்னால இருக்கு. காலேஜ்ல யுரேஷியன்னு சொல்லிட்டா, அதுக்காக ஒளிச்சு வச்சா” என்று மலாயில் பாதி, இங்கிலீஷில் பாதியாகச் சொல்லி முடித்தேன். அவர் ஆள் அனுப்பிக் கார்டை எடுத்துவரச் சொன்னார். வந்ததும் மேசைமேல் போட்டு, இந்த அட்டைக்காகவா இரண்டு நாள் என் ஆட்களை அலைய வைத்தீர்கள் என்று எங்களைக் கிழி கிழியென்று கிழித்து வெளியே துரத்தினார். முரியல் என்னைத் தாண்டி, வாசலில் காத்திருந்த அப்பாவின் பின்னால் போனாள்.

விஷயம் கல்லூரிக்குப் போயிற்று. பாரத்தில் கோடு போட்டது அவர்கள் ஆள்தானே, அது வெளியே வந்தால் அவர்களுக்கும் கேவலம். அதனால் முரியலைத் தண்டிக்கவில்லை. இனத்தை மட்டும் திருத்தி இந்தியர் வரிசைக்கு மாற்றினார்கள். அந்த வரிசையில் அவள் மார்க்குக்குக் கீழேதான் நான். யுரேஷியன் இடம் கிள்ளானிலிருந்து மாடில்டா என்ற பெண்ணுக்குப் போனது. எனக்கு வருத்தத்துடன் தெரிவிக்கும் ஒரு கடிதம் வந்தது. உண்மையைச் சொன்னதற்கா, பொய்க் கையெழுத்துக்கா, எதற்கு இந்தத் தண்டனை என்று எனக்கு விளங்கவே இல்லை. எல்லாருக்கும் நியாயம் நடந்த மாதிரியும் இருந்தது, என் தலையில் மட்டும் இடி விழுந்த மாதிரியும் இருந்தது.

கல்லூரி திறக்க நான்கு நாள் இருக்கும்போது முரியல் எங்கள் லயத்துக்கு வந்தாள். கையில் ஒட்டாத கடிதம். தனக்கு இடம் வேண்டாம், அடுத்தவருக்குக் கொடுங்கள் என்று எழுதியிருந்தாள். அடுத்தவள் நான்தான். அதை என் கையில் கொடுத்து, தபாலில் போடுவதோ கிழிப்பதோ உன் இஷ்டம் என்றாள்.

நான் கேட்டேன்: “உண்மையச் சொல்லு. எனக்காகவா யுரேஷியன்னு சொன்ன?”

ஆமாம் என்றிருந்தால் எனக்காக இவ்வளவு செய்தவளே காலேஜுக்குப் போகட்டும் என்று கிழித்திருப்பேன். இல்லை என்றிருந்தால் நேராகத் தபாலுக்குக் கொண்டுபோயிருப்பேன். அவள் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தெரியலடி. அந்தம்மா கேட்டா. ஆமான்னு வந்துடுச்சு. உன் நெனப்பு அப்ப வந்துச்சா, படகுல வந்துச்சான்னு எனக்கே தெரியல.”

அந்தப் பதிலுக்கு என்ன செய்வது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. கடிதத்தை இரண்டாகக் கிழித்தேன், நான்காகக் கிழித்தேன். ரோஷமா, இரக்கமா, அவளைவிட நான் நல்லவள் என்று காட்டவா, இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. இருபத்தாறு வருஷம் பால்மரம் வெட்டியபோதும் யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.

ஒன்று மட்டும் நன்றாகத் தெரியும். காகிதம் கிழிகிற சத்தம் கேட்டதும் முரியல் மூச்சை விட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அவள் பொய்யை நான் என்றோ மன்னித்துவிட்டேன், அந்த நிம்மதியை இன்னும் மன்னிக்க முடியவில்லை.