டிரை ஐஸும் நான் சொன்ன பொய்யும்

ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள், நோட்டுப் புத்தகம் பூராவும் ஒருத்தியை வரைந்து வைத்திருந்தாள். அவள் ஊதினால் போதும், எதிரே நிற்பவன் உறைந்துபோவான். "இது சயின்ஸ்ல பாசிபிளா அம்மா?" என்று கேட்டாள். கேட்டது யாரிடம்! நாச்சாரத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில், தடுப்பூசிகளை டிரை ஐஸ் போட்டு அனுப்புகிற பிரிவுக்கு நான்தான் சூப்பர்வைசர். விடுவேனா? குளிரை யாராலும் ஊத முடியாது, அடுத்தவன் உடம்புச் சூட்டைப் பிடுங்கத்தான் முடியும், பிடுங்கிய சூடு எங்காவது போயாக வேண்டும் என்று அரை மணி நேரம் வெளுத்து வாங்கினேன். "அப்போ அவளுக்கு ஃபீவர் வரும்," என்றாள். கெட்டிக்காரி.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு அந்தப் பனிக்காரியையே எடுத்துக்கொண்டோம். கண்காட்சியன்று காலை மகளையும் கூட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போய், மேனேஜரிடம் கேட்டு, ஒரு தெர்மாகோல் பெட்டி நிறைய டிரை ஐஸ் வாங்கினேன். பின் சீட்டில் அவள் பக்கத்தில் வைத்தேன். வெறுங்கையால் தொடாதே, தோல் வெந்துவிடும் என்று நூறு தரம் சொன்னேன்.

டிரை ஐஸ் என்பது உறையவைத்த கார்பன் டை ஆக்சைடு. உருகித் தண்ணீராகாது, நேரே வாயுவாகிவிடும்; மூடிய இடத்தில் அது நிறைந்தால் ஆளை மூச்சுமுட்ட வைத்துச் சாய்த்துவிடும். அதை ஏற்றிய வண்டியில் ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும் என்று எங்கள் டிரைவர்களுக்கு அறிவிப்பு எழுதி ஒட்டியவளே நான்தான். அப்படி எழுதி ஒட்டிய மகராசி அன்று என்ன செய்தாள்? வெயில் கொளுத்துகிறது, ஐஸ் வீணாகிவிடும் என்று நான்கு ஜன்னலையும் ஏற்றி, வெளிக்காற்றையும் அடைத்து ஏசியைப் போட்டாள்! ஒரு டிரைவர் இதைச் செய்திருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன்.

ஹப்சிகுடா டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டோம். மகள் பெட்டியைத் திறந்து, குனிந்து, வெண்புகையை ஊதி ஊதி விளையாடினாள். நானும் சிரித்தேன். எனக்குத் தலை வலித்தது, மூச்சு வாங்கியது. வெயில்தான் என்று நினைத்தேன். பின்னால் சத்தம் நின்றது. திரும்பினால், கதவோரம் துவண்டு கிடந்தாள்.

ஓரங்கட்டி அவளை வெளியே இழுத்தேன். டீக்கடைக்காரர் ஓடிவந்து தாங்கினார். "கைக்கு சப் பந்த் கர்கே பைட்டே அம்மா?" என்றார் இந்த ஊர் உருதுவில். ஏன் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு உட்கார்ந்தீர்கள் என்று அவருக்குக் கேட்கத் தோன்றியது, எனக்குத் தோன்றவில்லையே! காற்றுப் பட்ட இரண்டு நிமிஷத்தில் கண் திறந்தாள். கிளினிக்கில் டாக்டரிடம் மட்டும் தனியாக உண்மையைச் சொன்னேன். பயமில்லை என்றார்.

அப்போது என் கணவர் போன் செய்தார். "காலையில ஒண்ணும் சாப்பிடலைங்க. நக்கோ, வேணாம்னு தட்டைத் தள்ளிட்டா. வெயில் வேற, மயங்கிட்டா," என்றேன். தட்டைத் தள்ளியது உண்மைதான், அதைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அவர் வந்து அவளைத்தான் திட்டித் தீர்த்தார். நான் அடுப்படியில் நின்று வெங்காயம் நறுக்கினேன். வெட்கக்கேடு.

மறுநாளிலிருந்து காலையில் வைத்ததையெல்லாம் சாப்பிடுகிறாள். பிடிக்காத உப்புமாவைக்கூடத் தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்குகிறாள். நேற்று தோசையைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எதிரே அவள் அப்பா.

"அம்மா, அன்னைக்கு நான் சாப்பிட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது, இல்ல?"

அவரும் நிமிர்ந்து பார்த்தார். பாவி நான், "ஹவ்", ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் இன்னொரு தோசை கேட்டாள்.