தோழியும் எங்கள் வீட்டுத் தாத்தாவும்

என் மனைவியின் கட்டுரைகளை எல்லாம் கணினியில் தட்டிக் கொடுத்தவன் நான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைக்க மாட்டேன். கலகெதரையில் துணிக்கடை நடத்தும் ஒருவன் தலைவன், தலைவி, தோழி, செவிலி என்று பேசிக் கேட்டிருக்கிறீர்களா? நான் பேசுவேன். கடையில் ஆள் வராத மத்தியானங்களில், அவள் கையால் எழுதித் தந்த தாள்களைப் பக்கத்தில் வைத்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டியே பழந்தமிழ் இலக்கியத்தில் பாதியை நான் கரைத்துக் குடித்துவிட்டேன்.

பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் அவள் வீட்டிலிருந்தே படிக்கும் வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்தாள். தமிழ்தான் பாடம். "இனிப் படிச்சு என்னத்துக்கு?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். என்னிடம் கேட்டவர்களுக்கு நான் நல்ல பதிலாகக் கொடுத்தேன். கடைசி வருஷத்தில் ஒரு பெரிய கட்டுரை எழுத வேண்டும், பிறகு அதைப் பற்றி நேரில் கேள்வி கேட்பார்கள். இரண்டும் சரிவந்தால்தான் பட்டம். சரிவராவிட்டால் அடுத்த வருஷம் மறுபடியும் பதிய வேண்டும். "இன்னொரு வருஷம் எனக்கு ஏலா" என்று அவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

பழைய அகப்பாடல்களில் தோழி என்பதே அவள் எடுத்த தலைப்பு. அந்தப் பாடல்களில் காதலிக்கிறவள் தலைவி. ஆனால் அவளுக்காகப் பேசுகிறவள் தோழி. ஒளிந்து ஒளிந்து வந்துபோகும் தலைவனை மடக்கி, "இப்படியே எத்தனை நாளைக்கு? கல்யாணத்துக்கு வழியைப் பார்" என்று கேட்பவள் அவள்தான். அதற்கு வரைவு கடாதல் என்று பெயர். பெண்ணின் மனதில் இருப்பதைப் பக்குவமாக வீட்டாருக்கு எடுத்துச் சொல்பவளும் அவள்தான். அது அறத்தொடு நிற்றல். இதுவரைக்கும் எல்லாக் குறிப்புப் புத்தகத்திலும் இருக்கும். என் மனைவி அதற்கு மேல் ஒரு படி போனாள். "தோழி செய்த வேலையை எங்கள் வீடுகளில் இன்றும் செய்பவர் தாத்தா" என்று எழுதினாள்.

இங்கே ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். மற்றத் தமிழர்களுக்குத் தாத்தா என்றால் பாட்டன். சிங்களத்தில் அது தகப்பன். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் மட்டும் அது மூத்த சகோதரி. கண்டி பஸ் நிலையத்தில் "தாத்தா, இறங்குங்க!" என்று நான் கத்தினால், சுற்றியிருப்பவர்கள் கைத்தடியோடு ஒரு கிழவர் இறங்குவார் என்று பார்ப்பார்கள். இறங்குவதோ பச்சை அபாயாவும் கைப்பையுமாக என் மனைவியின் மூத்த சகோதரி.

எங்கள் கல்யாணத்தை நடத்தி வைத்ததே அவர்தான். அப்போது நான் கண்டியில் ஒரு கடையில் சேல்ஸ்மனாக இருந்தேன். இரண்டு சகோதரிகளும் துணி எடுக்க வருவார்கள். இளையவளைப் பார்ப்பதற்காக, எடுக்காத துணியையெல்லாம் நான் விரித்துக் காட்டுவேன். வீட்டில் போய்ப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. ஒருநாள் தாத்தா தனியாக வந்தார். லைனிங் துணி கேட்டார். நான் மடிப்பைப் பிரிக்கும்போது, "துணிய விரிச்சது போதும். வீட்டுக்கு ஆள் அனுப்புறதா இல்லையாண்டு செல்லுங்க" என்றார். நான் பிரித்த மடிப்பையே திரும்ப மடித்தேன். அன்று மாலையே அவர் தன் உம்மாவிடமும் பேசிவிட்டார். வரைவு கடாதலும் அறத்தொடு நிற்றலும் ஒரே நாளில் முடிந்தன. இதையும் என் மனைவி பெயர் இல்லாமல் கட்டுரையில் எழுதியிருந்தாள். லைனிங் துணி மடிப்போடு திணறி நிற்கும் தலைவனை நானே ஒற்றை விரலால் தட்டினேன்.

தாத்தாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வந்த பேச்சுக்கள் ஒன்றும் பொருந்தவில்லை. உம்மா மௌத்தான பிறகு எங்களோடு இருக்கிறார், வீட்டிலேயே உடுப்புத் தைக்கிறார். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் என் மனைவி இப்படி எழுதியிருந்தாள்: "பாட்டு முழுவதும் பேசுகிறவளுக்கு, பாட்டில் சொந்தமாக ஒரு துயரம்கூட இல்லை." அதைத் தட்டி முடித்ததும் எழுந்து போய்க் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். தாத்தாவை நினைத்துக் கவலையாக இருந்தது. இப்படி எழுதத் தெரிந்தவள் என் வீட்டில் இருக்கிறாள் என்ற பெருமையும் வந்தது.

கட்டுரை திரும்பி வந்தபோது, "தாத்தா" என்ற சொல் வந்த இடமெல்லாம் சிவப்பு வட்டம். ஓரத்தில் விரிவுரையாளர் எழுதியிருந்தார்: "தோழி பெண்பால். பாட்டன் எங்கிருந்து வந்தார்? கவனக்குறைவு. இப்பகுதியை நீக்குக." நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் போய் விளக்கம் சொன்னாள். அவர் யாழ்ப்பாணத்து மனிதர், கண்டிப்பானவர், ஆனால் காது கொடுத்துக் கேட்பவர். அப்படியென்றால் அக்கா என்று மாற்றும்படி சொன்னாராம். அதுவும் ஆதாரம் இல்லாமல் நிற்காது, எடுத்துவிடுவதுதான் புத்தி என்றும் சொன்னாராம்.

"ஒரு சொல்லுத்தானே. மாத்தித் தாரேன், பாஸாகிட்டு வா" என்றேன்.

"அக்காண்டா அது பக்கத்து வீட்டு ஆளுக்குச் செல்ற. நான் எண்டைக்காவது தாத்தாவ அக்காண்டு கூப்பிட்டு ஈக்கிறேனா?" என்று பாய்ந்தாள். பிறகு குரல் இறங்கியது. "அவவ எடுத்திட்டா இந்தக் கட்டுரைல ஒண்டுமே இல்ல. எல்லாரும் எழுதினதுதான் மிச்சம்."

அந்தச் சொல்லில் நான் விரல் வைக்கவில்லை. வட்டம் போட்ட அத்தனை இடத்திலும் தாத்தா அப்படியே இருந்தார்.

நேர்முகத்துக்கு மூன்று பேருமாகப் போனோம். தன்னைப் பற்றி அதில் எழுதியிருக்கிறது என்று தாத்தாவுக்குத் தெரியாது. தங்கச்சிக்குத் துணையாக வந்தார், அவ்வளவுதான். நடையில் போட்டிருந்த கதிரைகளில் நானும் அவரும் உட்கார்ந்தோம். காற்றுக்காகக் கதவைத் திறந்தே வைத்திருந்ததால் உள்ளே பேசுவது எனக்குக் கேட்டது. தாத்தா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு, எதையும் காதில் வாங்காமல் துஆ ஓதினார்.

முதல் கேள்விகளுக்கு அவள் நன்றாகப் பதில் சொன்னாள். எந்தப் பாட்டு, யார் கூற்று, எந்தத் துறை என்று தடங்கல் இல்லாமல் வந்தது. பக்கத்து மேசையில் இருந்த இன்னொரு விரிவுரையாளர் "நல்லது, நல்லது" என்றார். என் மார்பு சட்டைக்குள் அடங்கவில்லை. பிறகு தாத்தா வரும் பக்கம் வந்தது.

"நான் நீக்கச் சொன்னதை நீங்கள் நீக்கேல்லை" என்றார் சிவப்பு வட்டம் போட்டவர்.

"இல்ல சேர்."

"தோழியின்ரை இடத்திலை தமக்கையை வைக்கிறியள். ஆய்வுக் கட்டுரை எண்டால் ஆதாரம் வேணும். உங்கடை ஆதாரம் எங்கை?"

தோற்றுவிட்டாள், அந்தச் சொல்லை நானே அழித்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"வெளிய கதிரைல ஈக்கிறா சேர்" என்றாள் என் மனைவி.

கதிரை பின்னால் தள்ளப்படும் சத்தம். அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து எங்களைப் பார்த்தார். தாத்தா பதறி எழுந்தார். உள்ளே என்ன நடந்தது என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. தங்கச்சிக்கு ஏதோ பிரச்சினை என்பது மட்டும் விளங்கியிருக்க வேண்டும். முக்காட்டை இழுத்துவிட்டு நேரே அவர் முன்னால் போய் நின்றார்.

"சேர், அவ பயந்த புள்ள. மனசுல ஈக்கிறத வாயால செல்லத் தெரியா. ரெண்டு புள்ளைகளையும் பாத்துக்கிட்டு மிச்சம் கஷ்டப்பட்டுப் படிச்சா. ஏதும் பிழையெண்டா என்னட்டச் செல்லுங்க, நான் அவக்கிட்டச் செல்றேன்."

அந்த மனிதர் உள்ளே திரும்பி, "கேட்டியளோ?" என்று மற்றவரிடம் கேட்டார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவர் சிரிக்கவில்லை. நரைத்த தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, தன்னைவிட இளைய அந்தப் பெண்ணைப் பார்த்து, "ஒரு பிழையும் இல்லைத் தாத்தா. பிழை என்னட்டைத்தான். நீங்கள் இருங்கோ" என்றார்.

தாத்தா உட்கார்ந்தார். கதவு மூடியதும் என் காதருகே குனிந்து, "இந்தாளுக்கு நான் எப்படி, மச்சான், தாத்தாவானேன்?" என்று கேட்டார்.

நான் பையிலிருந்த கட்டுரையின் பிரதியை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அவர் கையில் கொடுத்தேன்.