ஏரிக்குள் நிறுத்திய கேரவன்

எங்கள் பட்டறையில் அதுவரை கட்டிய எந்த வண்டிக்கும் ஜன்னல் திரை தேவைப்பட்டதில்லை. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் எங்களுடையது சின்னது. இன்ஜினும் சக்கரமும் மட்டுமாக வரும் வண்டி, மரமும் தகடும் ஏறி, நெற்றியில் குலதெய்வத்தின் பெயரும் முதுகில் ஒலி எழுப்பச் சொல்லும் வாசகமும் எழுதப்பட்டு வெளியே போகும். நான் நான்காம் வகுப்பு படித்த ஆண்டு, பெங்களூரிலிருந்து ஒருவர் பழைய மினி பஸ் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, அதற்குள் ஒரு வீடு கட்டித் தர வேண்டும் என்றார். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் வேண்டும். ஆளில்லாத இடங்களில் நிறுத்திக் குடும்பத்தோடு இரவு தங்குவதற்காம்.

"ஏனுங்க, பெங்களூருல சொந்த ஊடு இருக்குதுங்கள்ல?" என்று பெரியப்பா கேட்டார்.

இருக்கிறது என்றார் வந்தவர். பெரியப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. மனிதனுக்கு வெளியே சொல்ல முடியாத கஷ்டம் ஏதோ இருக்கிறது என்று முடிவுகட்டி, கூலியில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். பட்டறை ஆட்கள் அதற்குக் கேரவன் என்று பெயர் வைத்தார்கள். சினிமா நடிகர்கள் வெயிலுக்கு உட்கார்ந்திருக்கும் வண்டி என்ற அளவில்தான் அந்தச் சொல் எங்களுக்குத் தெரியும்.

பட்டறை பெரியப்பாவுடையது. மரவேலையும் வயரிங்கும் அப்பா. தாத்தா இறந்தபோது அப்பா சின்னப் பையன். அவரை வளர்த்து, ஐ.டி.ஐ. படிக்க வைத்து, பெண் பார்த்து, கல்யாணமும் செய்து வைத்தவர் பெரியப்பா. அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் அம்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்பாவிடம் எதைக் கேட்டாலும் "அண்ணனக் கேட்டுச் சொல்றேன்" என்பார். எனக்கு ஆடிய பல்லைப் பிடுங்குவதற்கும் பெரியப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் பிடுங்கினார்கள்.

பெரியப்பா, பெரியம்மா, நாங்கள் மூன்று பேர், எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். அப்பா அம்மாவின் அறை என்பது கூடத்தின் ஒரு பகுதி; லாரிக்குப் போக மிஞ்சிய பிளைவுட்டால் அப்பாவே தடுத்தது. தடுப்பு கூரை வரை போகவில்லை. அந்தப் பக்கம் பெரியப்பா இருமினால் இந்தப் பக்கம் அம்மா பேச்சை நிறுத்துவாள். பெரியப்பா முன்னால் அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. யாரும் அவளை நிற்கச் சொன்னதும் இல்லை. தம்பி மனைவி அப்படித்தான் இருப்பாள் என்று அவளும் நினைத்தாள், அவரும் நினைத்தார்.

அம்மா பி.எஸ்ஸி., பி.எட். படித்தவள். அந்த மாதம் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, அந்தப் பக்கம்தான் குடியிருந்தாள். வேலைக்குச் சொல்லி வைத்தது அவள், பக்கத்திலேயே இரண்டு அறை கொண்ட வாடகை வீடு பார்த்து வைத்ததும் அவள். திங்கட்கிழமைக்குள் பள்ளிக்கூடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அம்மாவுக்குத் தேவைப்பட்டது ஒன்றுதான்: அப்பா தன் வாயால் சரி என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும். அதுவும் அண்ணனைக் கேட்பதற்கு முன்னால். இதெல்லாம் எனக்குச் சித்தி பல வருடங்கள் கழித்துச் சொன்னது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டே தனக்குள் ஏதோ பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதுதான்.

வண்டி வேலை முடிந்தது. ஒப்படைப்பதற்கு முன் கரண்ட் இல்லாத இடத்தில் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்துவிடுங்கள் என்று பெங்களூர்க்காரர் போனில் சொல்லியிருந்தார். பட்டறைப் பையன்கள் இரண்டு பேரை அனுப்பலாம் என்று பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னபோது, சமையலறை நிலைக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"நாங்க மூணு பேரும் போய்ப் படுத்துப் பாக்கறமுங்க மாமா."

அம்மா அதுவரை அந்த வீட்டில் எதையும் கேட்டதில்லை. பெரியப்பா கையை இலையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு சிரித்தார். "போங்க, போங்க. புள்ளைக்கும் டூருப் போன மாதிரி இருக்கும்."

சனிக்கிழமை மத்தியானம் கிளம்பினோம். நாமக்கல் சமவெளியில் ஆளில்லாத இடம் என்று ஒன்று கிடையாது. ஆள் இன்னும் வந்து சேராத இடம்தான் உண்டு. முதலில் நிறுத்திய இடத்துக்குப் பின்னால் கோழிப்பண்ணை இருந்தது. கதவைத் திறந்ததும் ஈக்கள் எங்களுக்கு முன்னால் குடியேறின. அடுத்த இடம் கல் குவாரிக்குப் போகும் பாதை, காவல்காரர் விசிலடித்தார். கடைசியில் சேந்தமங்கலம் தாண்டி, தண்ணீர் வற்றிக் கருவேலம் முளைத்துக் கிடந்த ஓர் ஏரிக்குள் அப்பா வண்டியை இறக்கினார். எதிரே கொல்லிமலை. சுற்றிலும் யாரும் இல்லை. அம்மா இறங்கி நின்று நாலு பக்கமும் பார்த்தாள். திரும்பவும் ஒருமுறை பார்த்தாள்.

அப்பா வண்டிக்கு அடியில் படுத்துத் தண்ணீர் ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே சின்ன அடுப்பில் அரிசிம்பருப்புச் சோற்றுக்கு உலை வைத்துவிட்டு வந்து, அப்பாவின் கால்மாட்டில் மண்ணில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்."

"சொல்லு" என்றது வண்டிக்கு அடியிலிருந்து.

அதற்குள் ஆடுகள் வந்துவிட்டன. பின்னாலேயே ஆட்டுக்காரர்.

"ஆருங்க உள்ள? நடிகருங்களா?"

அப்பா தலையை வெளியே நீட்டினார். "நடிகரெல்லாம் இல்லீங்க. நாங்கதான்."

"நீங்கதான்னா?"

"நாமக்கல்லுங்க. பாடி கட்டறமுங்க. வண்டிய செக் பண்ண வந்தோம்."

"அதுக்கு ஏரிக்குள்ள வந்து எதுக்குங்க சோறாக்கறீங்க?"

அப்பா தலையைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டார். ஆட்டுக்காரர் அப்பா சொன்னதை நம்பவில்லை. நடிகர் எப்படியும் ஒருமுறை இறங்கித்தானே ஆகவேண்டும் என்று எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். ஆடுகள் வண்டி நிழலில் படுத்துக்கொண்டன. அம்மா எழுந்து உலையைப் பார்க்கப் போனாள்.

பொழுது இறங்கும் நேரத்தில் கரையின் அந்தப் பக்கத் தோட்டத்துக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். நடிகர் பற்றிய செய்தி அவர்கள் வரைக்கும் போயிருந்தது. இல்லை என்று தெரிந்ததும் தோட்டத்துக்காரருக்கு ஏமாற்றத்தைவிடக் கவலைதான் அதிகமாக இருந்தது.

"பொட்டப் புள்ளைய வச்சுக்கிட்டு ஏரிக்குள்ளயா படுக்கறது? பாம்பு வரும், குடிகாரப் பசங்க வருவானுங்க. எங்கூட்டுக்கு வாங்க."

"வண்டிக்குள்ளயே கட்டலு இருக்குதுங்க" என்றார் அப்பா.

"கட்டலு எங்கூட்டுலயும் இருக்குதுங்க."

அவர் மனைவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாகக் கூட்டிப்போனாள். நானும் கூடவே போனேன்.

"ஏங்கண்ணு, ஊட்டுல சண்டையா? கோவிச்சுக்கிட்டு வந்துட்டீங்களா?"

"சண்டையெல்லாம் இல்லீங்கக்கா. பேசலாம்னுதான் வந்தோம்."

"பேசறதுக்கா? புருசம் பொண்டாட்டி பேசறதுக்கு ஊட்ட உட்டுப்போட்டு ஏரிக்கா வருவாங்க?"

அந்தம்மா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கன்னத்தைத் தொட்டு, "அழுவாத சாமி" என்றாள். அம்மா அழவில்லை. அழுகிற முகமாக இருந்தது போலிருக்கிறது.

அங்கே தோட்டத்துக்காரர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "தப்பா நெனைக்காதீங்க. உங்க ஊட்டுல பெரியவங்க ஆரு? போனப் போட்டுக் குடுங்க, நானு ஒரு வார்த்த பேசிக்கறேன். நாளைக்கு ஒண்ணுன்னா எங்கூருப் பேருதான் கெட்டுப்போகும்."

"வேண்டாமுங்க" என்றாள் அம்மா, தூரத்திலிருந்தே. ஆனால் அப்பா ஏற்கனவே எண்ணை அழுத்தியிருந்தார். மத்தியானத்திலிருந்து இறுகிக் கிடந்த அவர் தோள்கள் அப்போதுதான் தளர்ந்தன.

போனில் தோட்டத்துக்காரரும் பெரியப்பாவும் நன்றாகப் பேசிக்கொண்டார்கள். பெரியம்மாவின் ஊர் எது, அங்கே யார் யாருக்கு என்ன உறவு என்று போய், இருவரும் ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கக்கூடும் என்பது வரை வந்தது. கடைசியில் போன் அப்பா கைக்கு வந்தபோது பெரியப்பாவின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"நீங்க பயந்துக்காதீங்கடா. நானே வாரேன்."

தோட்டத்துக்காரர் நிம்மதியாக மனைவியை அழைத்துக்கொண்டு போனார். ஆட்டுக்காரரும் நடிகர் மேல் நம்பிக்கை இழந்து ஆடுகளை எழுப்பினார். பெரியப்பா பைக்கில் வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும். அந்தக் கொஞ்ச நேரம்தான் அம்மாவுக்குக் கிடைத்தது.

என்னை உள்ளே போய்ப் படுக்கச் சொன்னார்கள். அப்பா செய்த அந்தக் கட்டிலில் படுத்தால் ஜன்னல் வழியே எல்லாம் தெரியும், கேட்கும். அம்மா அவசரப்படவில்லை. வேலையைச் சொன்னாள், வீட்டைச் சொன்னாள், சேலத்திலிருந்து பஸ்ஸில் நீங்கள் பட்டறைக்கு வந்து போகலாம் என்றும் சொன்னாள். நாள் முழுக்கச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வரிசை அது.

"இங்க உனக்கு என்ன கொற?" என்று அப்பா கேட்டார்.

"கொறையின்னு சொல்லலீங்க. நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு கேக்கறேன்."

"அண்ணன்..."

"மாமாவக் கேக்கலீங்க. உங்களக் கேக்கறேன். இங்க நம்மளத் தவிர ஆரு இருக்கறாங்க?"

அப்பா சுற்றிலும் பார்த்தார். உண்மையிலேயே யாரும் இல்லை. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார் என்று எனக்கு இப்போதும் நிச்சயமாகத் தோன்றுகிறது. அப்போது கரைமேல் ஒரு வண்டியின் வெளிச்சம் திரும்பியது. அப்பா எழுந்தார். டார்ச்சை எடுத்துக்கொண்டு, பைக் பள்ளத்தில் இறங்கிவிடாதபடி வழி காட்டப் போனார்.

நான் குதித்துக்கொண்டு ஓடினேன். பெரியப்பா பரோட்டாவும் சால்னாவும் வாங்கி வந்திருந்தார். கூடவே, ஏரிக்குள் பனி இறங்கும் என்று எனக்குக் கம்பளி, அம்மாவுக்குத் தலைவலித் தைலம். அம்மா மண்ணிலிருந்து எழுந்து நின்றாள்.

படுக்கும் நேரத்தில் பெரியப்பா வெளியே தார்ப்பாயை விரித்தார். "நான் இப்படிக் காவலுக்குப் படுத்துக்கறேன். நீங்க உள்ள படுங்க."

"அதெல்லாம் முடியாதுங்கண்ணா" என்றார் அப்பா. "உங்க முதுகுக்கு ஒத்துக்காது. நீங்க கட்டல்ல படுங்க."

அண்ணன் மறுத்தார், தம்பி விடவில்லை. அப்பா அவ்வளவு உறுதியாகப் பேசி நான் கேட்டதில்லை. பெரியப்பாவும் நானும் கட்டிலில் படுத்தோம். அவர் படுத்திருக்கும் இடத்தில் அம்மா படுக்க முடியாது. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துச் சீட்டில், நடுவில் துணி கட்டி, அவளுக்கு இடம் செய்து கொடுத்தார்கள். அப்பா தார்ப்பாயில் படுத்தார். ஜன்னல் திரைகளை நான்தான் ஒவ்வொன்றாக இழுத்து மூடினேன். பெங்களூர்க்காரர் சொன்னபடி அவை நன்றாகவே மூடின.

விடிந்தபோது கொல்லிமலை பக்கத்தில் வந்து நின்றது போல இருந்தது. குழாய் ஒழுகவில்லை. பேட்டரி தாங்கியிருந்தது. கட்டில் கிறீச்சிடவில்லை. அப்பா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். பெரியப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா பின்பக்கம் பல் விளக்கி முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்பாவுக்கு எதிரே போய் நின்றாள்.

"என்ன சொல்றீங்க?"

அப்பா ஜன்னலைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன, அவரும் தூங்கவில்லை.

"அண்ணன் எந்திரிக்கட்டும்."

அம்மா சிரித்தாள். வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, கையில் இருந்த துண்டு கீழே விழும்படி சிரித்தாள். கருவேலத்தில் இருந்த கொக்குகள் எழும்பின. அப்பாவும் சிரிக்கப் பார்த்தார். அவருக்கு வரவில்லை.

பெரியப்பா எழுந்து வந்து கட்டிலைப் பாராட்டினார். அப்பா அவரிடம் எதையும் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை என்று சித்தி சொன்னாள். கேட்டிருந்தால் பெரியப்பா, "போங்க, போங்க" என்றே சொல்லியிருக்கலாம். சொல்லக்கூடியவர்தான். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு யாரும் போன் செய்யவில்லை. அந்த வாரமே பெங்களூர்க்காரர் வந்து வண்டியை எடுத்துப்போனார், மிகவும் திருப்தியோடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏரியிலிருந்து வீடு திரும்பியதும் நான் பெரியம்மாவிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஆடு வந்தது, நடிகர் வராதது, பரோட்டா, கம்பளி. அதில் முக்கியமான செய்தி என்று நான் நினைத்ததைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

"பெரியம்மா, காலையில அம்மா எவ்ளோ சத்தமா சிரிச்சாங்க தெரியுமா? கொக்கெல்லாம் பறந்துபோச்சு."

பெரியம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுக் கொல்லைப்பக்கம் பார்த்தாள். அம்மா எங்களுக்கு முதுகு காட்டி, ஏரி மண் ஒட்டிய போர்வைகளை அலசிக்கொண்டிருந்தாள். பெரியம்மா அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். இவ்வளவு சந்தோஷமான விஷயம் சரியாகக் காதில் விழவில்லை போல என்று நினைத்து, நான் இன்னும் சத்தமாக, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.