மீட்டருக்கு ஊற்றிய எண்ணெய்

காகிதத்தைப் பார்த்து வண்டியைப் பற்றிப் பேசுகிறவனை மாசிலாமணி மனுஷக் கணக்கிலேயே சேர்க்க மாட்டான். டெல்லி ஓக்லாவில் அவன் வேலை பார்த்த லாரி டிப்போவில் அப்படிப்பட்டவர்கள் பதினாறு பேர். பதினாறு பேருக்கும் மேஜை இருந்தது. ஒருத்தர் கையிலும் கிரீஸ் ஒட்டியது கிடையாது.

டிப்போ ஒரு பொதுத்துறை நிறுவனத்துடையது. பெயர் எதற்கு? நாற்பது சரக்கு லாரிகள் அங்கே. அவற்றில் எது வழியில் படுத்துக்கொண்டாலும் போய் இழுத்து வர ஒரே ஒரு வண்டி. ராணுவம் கழித்துக் கட்டிய டீசல் லாரி, முதுகில் கொக்கியும் சங்கிலியும். அதற்கு மாசிலாமணி டிரைவர். ஆம்பூர்ப் பக்கத்து ஆள். பதினைந்து வருஷம் ராணுவ வண்டி ஓட்டிவிட்டு, எழுபத்திரண்டில் இங்கே சேர்ந்தான். ஜங்புராவில் நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரம் ஒரு ஜுக்கிக் குடிசை. பெண்டாட்டி செங்கம்மாள் நிஜாமுதீனில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள்.

எழுபத்தாறில் கேன்டீன் சோற்றில் புழு கிடந்ததற்கு ஒரு மனு போனது. அதில் முதல் கையெழுத்து மாசிலாமணியுடையது. புழுவை யாரும் விசாரிக்கவில்லை, கையெழுத்தை விசாரித்தார்கள். அவன் ஃபைலில் ஒரு குற்றப்பத்திரிகை ஏறியது. இரண்டாவது ஏறினால் வேலை போகும். இஞ்சின் ஜாம் ஆனால் டிரைவர்தான் பொறுப்பு என்று டிப்போவில் ஒரு நிலையாணையும் இருந்தது. இந்த இரண்டையும் தலையில் வைத்துக்கொண்டுதான் அவன் தினமும் வண்டியில் ஏறினான்.

எழுபத்தொன்பது மார்ச்சில் ஸ்டோர்ஸ் அதிகாரி நல்லசிவம் ஒரு சுற்றறிக்கை விட்டார். திருநெல்வேலிக்காரர். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ், செவ்வாய்க்கிழமை தவறாமல் மலைக்கோயில், சட்டைப்பையில் மூன்று வண்ணத்தில் பேனா. வண்டி இஞ்சினுக்கு எந்த எண்ணெய் என்பதை டிரைவரும் மெக்கானிக்கும் வாய்க்கு வந்தபடி சொல்வது அவருக்குப் பொறுக்கவில்லை. அதனால் ஒரு அட்டவணை போட்டார். மாதம் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் கனரகம். அதற்கு நாற்பதாம் நம்பர் கெட்டி எண்ணெய், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றலாம். அதற்குக் கீழே ஓடினால் இலகுரகம். முப்பதாம் நம்பர் இளக்க எண்ணெய், வருஷத்துக்கு ஒரு தடவை.

இழுவை வண்டி மாதம் நானூறு கிலோமீட்டர் ஓடியது. ஆகவே மானேஜரின் அம்பாசிடரோடு அதையும் இலகுரகத்தில் சேர்த்துவிட்டார்.

மாசிலாமணி ஸ்டோர்ஸ் ஜன்னலில் போய் நின்றான்.

"சார், நம்ம வண்டிக்கு முப்பது நம்பர் எழுதிக்கீறீங்க. அது தாங்காது சார்."

"ஏன் தாங்காது? ஒம்ம வண்டி மாசம் நானூறுதான் ஓடுது. மானேஜர் காரே எண்ணூறு ஓடுது வே."

"அம்பாசிடர் எத்தினி லாரிய இழுத்துகினு வருது சார்?"

"இழுக்கறதுக்கு அட்டவணையில கட்டம் இல்ல. கிலோமீட்டருக்குத்தான் இருக்கு."

"கட்டம் இல்லன்னா போடுங்க சார். பேனாதான் மூணு கீதே."

நல்லசிவம் ஜன்னல் கதவைச் சாத்தினார். வண்டியில் முப்பதைத்தான் ஊற்றினார்கள்.

பின்னால் சரக்கோடு ஒரு லாரி தொங்கும்போது எந்த வண்டியும் பறக்காது. முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் நாள் பூராவும் முக்கிக்கொண்டு நகரும். இஞ்சின் அலறும், முகப்பில் காற்று படாது, எண்ணெய் கொதிக்கும். கொதித்தால் முப்பது தண்ணீராகிவிடும், உள்ளே இரும்போடு இரும்பு உரசும். பத்து கிலோமீட்டர் இழுத்து வர மூன்று மணி நேரம் இஞ்சின் ஓடும், மீட்டரில் பத்துதான் ஏறும். இது டிப்போ வாசலில் டீ விற்கிறவனுக்குத் தெரியும். பட்டம் வாங்கியவர்களுக்குத்தான் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது, எழுதிக் காட்டினாலும் ஏறவில்லை.

சங்கத்துக்குப் போனான். செயலாளர் ராஜாராமன் கதர் சட்டையும் பெருமூச்சுமாக உட்கார்ந்திருந்தார். கதையை முழுக்கக் கேட்டார். "இது கொள்கைப் பிரச்சினை தோழர்" என்றார். பதினெட்டுக் கோரிக்கை கொண்ட மகஜரில் பத்தொன்பதாவதாகச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். பதினெட்டும் மூன்று வருஷமாக அங்கேயேதான் கிடந்தன. ஒரு மனுஷனுடைய வேலை போகப் போகிறது என்றால் அதற்கு நம்பர் போடுவதுதான் அந்த ஆபீசில் நடந்த போராட்டம்.

ஏப்ரலில் ஒருநாள் நல்லசிவத்தை வலுக்கட்டாயமாகவே வண்டியில் ஏற்றினான். யமுனைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் செங்கல் லாரி ஒன்று அச்சு முறிந்து நின்றது. அதைக் கொக்கியில் மாட்டிப் பாலம் ஏறும்போது ஆயில் கேஜைக் காட்டினான். முள் சாய்ந்து சாய்ந்து அடியில் போய்ப் படுத்தது.

"பாத்தீங்களா சார்? எண்ணெயில தெம்பு இல்ல. அழுத்தமே நிக்கல."

நல்லசிவம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே உற்றுப் பார்த்தார். "இந்தக் கேஜ் ரிப்பேருல்லா?"

மறுநாள் புது கேஜ் வந்தது. அது பழையதைவிடக் கீழே காட்டியது. அதற்கடுத்த வாரம் ஒரு குறிப்பு வந்தது: கேஜ் டிரைவரின் கவனத்தைச் சிதறடிப்பதால் கழற்றிவிடவும். கழற்றிவிட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் ஜுக்கி வாசலில் உட்கார்ந்து, மாசிலாமணி அந்தப் பதினாறு பேரையும் ஒவ்வொருத்தராகப் பெயர் சொல்லித் திட்டினான். செங்கம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தாளுக்கு இன்னாதான் வேணுமாம்?"

"ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர்."

"குடுத்துடேன்."

"எங்கடி போயி ஓட்ட? டிப்போவ வுட்டு வெளிய போனா கேட்டுல எழுதுவான்."

"வெளிய போனாத்தான் மீட்டர் சுத்துமா? சக்கரம் சுத்துனா சுத்தாதா?"

மாசிலாமணி அவளையே பார்த்தான். பதினாறு பேருக்கும் தலைவியாக இவளை உட்கார வைக்கலாம் என்று தோன்றியது. சொல்லவில்லை. சொன்னால் அப்புறம் அவளோடு காலம் தள்ள முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் டிப்போவில் ஈ காக்கை இருக்காது. எங்காவது வண்டி நின்றுவிட்டால் போவதற்காக மாசிலாமணிக்கு மட்டும் டியூட்டி. பின் அச்சுக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்கி, கீழே மரக்கட்டை அடுக்கினான். வண்டியைக் கிளப்பி டாப் கியரில் போட்டுவிட்டு நிழலில் போய் உட்கார்ந்தான். பின்சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றின. மணிக்கு ஐம்பது, ஏழு மணி நேரம். பாரம் இல்லாததால் இஞ்சின் முனகக்கூட இல்லை. வண்டிப் புத்தகத்தில் 'ரோந்து' என்று எழுதினான். இழுவை வண்டிக்கு என்ன ரோந்து என்று ஒரு ஆள் கேட்கவில்லை. நாலு ஞாயிறில் ஆயிரத்துநானூறு ஏறியது. பழைய நானூறோடு சேர்த்தால் அட்டவணை தாண்டிவிட்டது.

மே கடைசியில் நாற்பதாம் நம்பர் கேட்டு ஜன்னலுக்குப் போனான். நல்லசிவம் நாற்காலியை விட்டு எழுந்து வெளியே வந்து அவன் தோளில் தட்டினார்.

"வே, ஒம்ம வண்டி முந்தி லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் குடுத்துது. இந்த மாசம் அஞ்சு! பாத்தீரா முப்பது நம்பரோட மகிமைய? நான் ரிப்போர்ட் அனுப்பிட்டேன். வியாழக்கிழமை ஹெட் ஆபீஸ்ல இருந்து டைரக்டரே வாராரு. ஜூன் ஒண்ணாந்தேதியில இருந்து நாப்பது லாரிக்கும் முப்பதுதான்."

அந்தரத்தில் சுற்றிய சக்கரத்துக்கு டீசல் கொஞ்சம்தான் செலவாகும். கிலோமீட்டர் மட்டும் ஏறும். வகுத்துப் பார்த்தவருக்கு ஐந்து கிடைத்திருக்கிறது. ஐந்து ஏன் கிடைத்தது என்று யோசிக்க, கிடைத்தவருக்கு என்ன அவசியம்?

வீட்டுக்கு வந்து செங்கம்மாளிடம் சொன்னான்.

"ஜூன் வெயில்ல ஆக்ரா ரோட்டுல பத்து டன் ஏத்திகினு போறவன் வண்டியில முப்பது ஊத்துனா, ஒவ்வொண்ணா ஜாம் ஆவும். ஒவ்வொரு டிரைவருக்கும் சார்ஜ்ஷீட்டு."

"நீ போயி சொல்லு."

"சொன்னா எனுக்கு வேல போவும். பொய் மீட்டரு."

"அப்ப சொல்லாத. புழு சோத்துக்குக் கையெழுத்துப் போட வாடான்னா ஒருத்தன் வந்தானா? உனுக்கு சார்ஜ்ஷீட்டு வந்தப்ப சீட்டாடிகினு இருந்தானுங்க."

"ஆமா."

"அப்புறம் இன்னா?"

"எண்ணெ தப்புடி."

"அவனுங்க வண்டி, அவனுங்க எண்ணெ."

"எண்ணெ தப்பு" என்றான் மறுபடியும். வேறு காரணம் அவனிடம் இல்லை. அந்த நாற்பது பேர்மேல் அவனுக்கு ஒரு பொட்டு மரியாதை கிடையாது. முதலாளிக்குப் பயந்தவன்கூடப் பரவாயில்லை, இவர்கள் மேஸ்திரிக்கே பயந்தவர்கள். செங்கம்மாள் தட்டை நங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை டைரக்டர் வந்தார். பஞ்சாபி, பெரிய உடம்பு, வெயிலில் நிற்கப் பிடிக்காத முகம். இழுவை வண்டிக்கு மாலை போட்டிருந்தார்கள். டிரைவர்கள் நாற்பது பேரையும் வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். ராஜாராமனும் சங்கத்தின் சார்பில் கைகுவித்து நின்றார்.

"இவர்தான் சார் டிரைவர்" என்று நல்லசிவம் இந்தியில் அறிமுகம் செய்தார்.

"சபாஷ்" என்றார் டைரக்டர். "எப்படி ஓட்டினாய், காட்டு."

மாசிலாமணி ஜாக்கியை எடுத்துக்கொண்டு பின் அச்சுக்குக் கீழே போனான். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. கட்டையை அடுக்கினான், ஏறி உட்கார்ந்தான், டாப் கியரைப் போட்டான். வண்டி நின்ற இடத்தில் நிற்க, சக்கரங்கள் விர்ரென்று சுற்றின. மாலையிலிருந்த பூ உதிர்ந்தது.

"இப்டித்தான் சாப்" என்று ராணுவ இந்தியில் கத்தினான். "ஆயிரத்துநானூறு கிலோமீட்டரும் இங்கதான் ஓடிச்சு. இந்தக் கணக்க வெச்சிகினு லாரிக்கு முப்பது ஊத்தாதீங்க. அத்தினி இஞ்சினும் போயிடும்."

வரிசையில் எவனோ சிரித்தான். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். நாற்பது பேரில் ஒருவன், ஒரே ஒருவன், 'ஆமாம் சாப், அவர் சொல்வது சரி' என்று வாய் திறந்திருக்கலாம். ராஜாராமன் குவித்த கையைப் பிரிக்கவே இல்லை.

டைரக்டர் முட்டாள் இல்லை. மீட்டரைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், நல்லசிவத்தைப் பார்த்தார். "லாரிகளுக்கு முப்பது வேண்டாம், பழையபடி நாற்பதே" என்றார். அடுத்த மூச்சிலேயே, "இந்த ஆளுக்கு சார்ஜ்ஷீட், சஸ்பென்ஷன்" என்றார். காரில் ஏறிப் போய்விட்டார்.

அரைமணியில் தட்டச்சு அடித்த காகிதம் வந்தது. இரண்டு குற்றம். ஒன்று, எங்கும் போகாத வண்டி போனதாகப் பொய்ப் பதிவு. இரண்டு, அனுமதியில்லாமல் ஆயிரத்துநானூறு கிலோமீட்டர் வண்டியை ஓட்டியது. ஒன்று உண்மையானால் மற்றது எப்படி உண்மையாகும் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. மாசிலாமணி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். வண்டியைக் கட்டையிலிருந்து இறக்கினான்.

சாவியை ஒப்படைக்கப் போகும்போது நல்லசிவம் ஓடி வந்தார்.

"இரும் வே. இப்பம் கெளம்பிப் போன நம்ம சிமெண்ட் லாரி பதர்பூர் எல்லையில நடுரோட்டுல நிக்காம். போலீஸ்காரன் போன்ல கத்துதான். ஒரு நடை போயி இழுத்துட்டு வந்திரும்."

"நான் சஸ்பென்ஷன் சார்."

"அது நாளையில இருந்துதான். ஆர்டர்ல நாளைத் தேதிதான் போட்டுருக்கேன்."

"நாப்பது நம்பர் ஊத்துங்க. போறேன்."

நல்லசிவம் தலையைச் சொறிந்தார். "அதுல ஒரு சிக்கல் இருக்குல்லா. மீட்டர்படி ஒம்ம வண்டி கனரகம். மீட்டர் பொய்யின்னு ஆயிட்டதால இலகுரகம். நான் எந்தக் கட்டத்துல எழுத?"

"அப்ப பதர்பூருக்கு நீங்க போங்க சார். அட்டவணைய மாட்டி இழுத்துகினு வாங்க."

டெலிபோன் மறுபடியும் அடித்தது. நல்லசிவம் எதிலோ எழுதினார், எதிலே என்று மாசிலாமணி பார்க்கவில்லை. கெட்டி எண்ணெய் டின்கள் வந்தன. மாசிலாமணி வண்டிக்கு அடியில் படுத்து நட்டைத் திறந்தான். கறுப்பாக, தண்ணீர் மாதிரி ஒழுகியது முப்பது.

"எவ்வளவு நேரம் வே? போலீஸ்காரன் கத்துதான்."

"முழுசா வடியணும் சார். இது மிச்சம் கெடக்கக் கூடாது. வேணும்னா குனிஞ்சி பாருங்க, நீங்க எழுதிக் குடுத்த எண்ணெ எப்டி ஆயிருக்குன்னு."

நல்லசிவம் குனியவில்லை. புது பேண்ட்.