இடம் மாறி நின்ற எழுத்து

என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. தமிழ் எழுத்துரு வரைகிறவளுக்கு இது நல்ல குணம் இல்லை. புதுச்சேரியில் ஒரு வாடகை மாடியில், போன் திரையில் படிக்கிற எழுத்துகளை வரைந்துகொடுப்பது என் பிழைப்பு. 'இ'யின் உள்சுழியை மயிரிழை அளவு திறந்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன். திரும்பி வந்து அதை மூடுவேன். மொட்டை மாடிக்குப் போய்க் காய்கிற துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து மறுபடி திறப்பேன்.

அப்படிப்பட்டவளிடம்தான் ஒரு கலை விழா நடத்துகிறவர்கள் வந்து, மரக்காணம் உப்பளத்தில் மூன்று சாயங்காலம் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார்கள். அப்போதும் நான் நடந்துகொண்டேதான் பதில் சொன்னேன்.

"அறுபது அடி நீளத்துக்கு ஒரு சொல். ஆனா அது அங்க இருக்கக் கூடாது."

'இரு' என்பதுதான் சொல். வெறும் கண்ணுக்கு உப்புப் பாத்தியும் வானமும் மட்டும் தெரியும். போனைத் தூக்கிப் பிடித்தால், கேமரா காட்டுகிற அதே பாத்தியின் தரையில், செங்கல் நிறத்தில் முழங்கால் உயரச் சுவர் போல அந்த இரண்டு எழுத்தும் படுத்திருக்கும். அதன் கோட்டுத் தடத்திலேயே ஒரு கூத்துக் கலைஞர் ஆடிக்கொண்டு போவார். அவர் ஓர் எழுத்தை ஆடி முடித்ததும் அது தரையைவிட்டு எழுந்து நிமிர்ந்து நிற்கும். முதலில் கறுப்பில் வரைந்தேன். அந்த வெயிலில் போன் திரையில் சாம்பலாகத் தெரிந்தது. மெல்லிய கோடுகள் உப்பின் வெளிச்சத்தில் காணாமலே போயின. எல்லாவற்றையும் தடிமனாக்கி, சுழிகளைத் திறந்து, நிறத்தை மாற்றி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தினம் காரில் போய்ப் போய்ப் பார்த்தேன்.

போனுக்குள் எழுத்தை நிற்கவைக்கிற வேலை என் கல்லூரித் தோழியுடையது. சென்னையில் ஒரு கம்பெனியில் விளையாட்டுச் செயலிகள் எழுதுகிறாள். லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். உப்புத் தரை ஒரே வெள்ளை. எது மேடு எது பள்ளம் என்று கேமராவுக்குப் பிடிபடவில்லை. அதனால் அவள் வேறு வழி வைத்தாள். அன்றன்றைக்குச் செயலியை முதலில் திறக்கிற போன் எந்த இடத்தில் இருக்கிறதோ, அந்த இடத்தில் எழுத்து படுத்துக்கொள்ளும். பிறகு திறக்கிற எல்லாப் போனும் அதையே பிடித்துக்கொள்ளும்.

"நான் பாத்தி நடுவுல நின்னு மொதல்ல திறப்பேன். அது வரைக்கும் நீ போனத் தொடாதடீ" என்றாள்.

ஆடுகிறவர் திண்டிவனம் பக்கத்து ஊர்க்காரர். காலையில் பால் சொசைட்டியில் வேலை. திருவிழாக் காலத்தில் கூத்து. நாற்பத்தைந்து வயது இருக்கும். நாலு நாள் முன்னதாகவே வந்து, ரோட்டோர மண்ணில் கோலமாவால் என்னை 'இரு' என்று எழுதச் சொல்லி, அதன் மேல் நடந்து நடந்து பழகினார். "ரு-வுக்கு வயித்துல ஒரு கெறக்கம் வருது மேடம். நல்லாருக்குது" என்றார்.

உப்பளத்துக் குத்தகைக்காரர் எங்களுக்குக் கொடுத்தது அந்த வருஷம் சும்மா கிடந்த பாத்தி. அதன் கடைக்கோடி வரப்பைத் தாண்டினால் ஓடுகிற பாத்தி, உப்பு பூத்துக்கொண்டிருந்தது. அதில் வேலை செய்கிற அம்மாவுக்கு என் வயதுதான். நீளக் கம்பில் பலகை வைத்த உப்பு வாரியைத் தோளில் சாத்திக்கொண்டு, நாங்கள் ஒத்திகை பார்ப்பதைத் தினமும் நின்று பார்த்தார்.

"இன்னான்னு எழுதியிருக்குது?"

"இரு-ன்னு."

"இருன்னா யார இருக்கச் சொல்றீங்க?"

நான் பாத்தியின் ஓரம் வரை நடந்து திரும்பி வந்தேன். அவர் வரப்பைக் காட்டி, "இதுக்கு இந்தாண்ட யாரும் கால வெக்கக் கூடாது. மிதிச்சா உப்பு மண்ணாப் பூடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் நாள் சாயங்காலம் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். புதுச்சேரியிலிருந்து இரண்டு வேன், அனுமந்தையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்த பெண்கள், உப்பளத்து ஆட்கள். சும்மா கிடந்த பாத்தியின் இரண்டு நீளப் பக்க வரப்பிலும் நின்றார்கள். தோழி பாத்தி நடுவே நின்று ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். நான் பாத்தியின் கடைக்கோடியில் இருந்த தகர மோட்டார் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். செருப்பைக் கழற்றினேன், போட்டேன். தகரத்தின் மேல் கை வைத்துச் சுட்டுக்கொண்டேன். போனை எடுத்து மணி பார்த்தேன். பிறகு, ஏன் என்று இன்றைக்கும் தெரியவில்லை, செயலியைத் திறந்தேன். ஒரு நொடிதான். உடனே மூடிவிட்டேன்.

மத்தளம் தொடங்கியது. சலங்கையோடு, முகத்தில் அரிதாரத்தோடு கலைஞர் பாத்திக்குள் இறங்கினார். கூட்டம் போன்களைத் தூக்கியது. அவர் 'இ'யின் தலைச் சுழியில் கால் வைத்து ஒரு சுற்றுச் சுற்றியபோதுதான் பார்த்தேன். ஒரு போன்கூட அவர் பக்கம் இல்லை. எல்லாரும் அவருக்கு முதுகைக் காட்டி, அடுத்த பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திறந்த அந்த ஒரு நொடியில் எழுத்து என்னிடமிருந்து இடத்தைப் பிடித்துக்கொண்டு, தகரக் கொட்டகை போனின் திசைகாட்டியைக் கலைத்ததில் இன்னும் கொஞ்சம் விலகி, சும்மா கிடந்த பாத்தியில் பாதி, ஓடுகிற பாத்தியில் பாதி என்று படுத்துவிட்டிருந்தது.

அவர் ஆடிக்கொண்டே இருந்தார். பத்து நிமிஷம் இருக்கும். முதுகுகளுக்கு முன்னால் ஒரு மனிதர் ஆடுவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தோழி வெளுத்த முகத்தோடு என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், எனக்கும் புரியவில்லை என்பது போல.

அப்புறம் அவர் நின்றார். மத்தளமும் நின்றது. வரப்போரம் நின்ற ஒரு பெண்ணைப் பார்த்து, பாட்டுக் குரலிலேயே கேட்டார்:

"எங்க நிக்குதும்மா அது?"

"தோ, அங்க!" என்று பத்துக் கைகள் நீண்டன.

அவர் அந்தப் பக்கம் போனார். "இன்னும் போங்க! போங்க! இடது பக்கம் திரும்புங்க!" எதிர் வரப்பிலிருந்து ஒரே கத்தல்: "இல்ல இல்ல, வலது பக்கம்!" இரண்டுமே சரிதான். எதிரெதிராக நின்றவர்களுக்கு இடம் வலம் மாறிவிடும் என்பதும், ஒரு பக்கத்தவருக்கு எழுத்தே தலைகீழாகத் தெரியும் என்பதும் இத்தனை மாதத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. அவர் இரண்டு அடி இப்படி, இரண்டு அடி அப்படி என்று தத்தளித்தார். அந்தத் தத்தளிப்பைச் சலங்கையில் பிடித்து ஆட்டமாக்கினார். ஜனம் சிரித்தது.

உப்பளத்து அம்மா யாரிடமோ போனை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார். பாத்திக்குப் பாத்தி கூப்பிட்டுப் பழகிய குரல்.

"இடது வலதெல்லாம் வுடுங்க! அய்யா, கடல் பக்கமா ரெண்டு எட்டு வைங்க. அப்படியே ரோட்டுப் பக்கம் வளைங்க. போதும்! இப்ப கொட்டா பக்கம்!"

அதற்குப் பிறகு எல்லாரும் அப்படியே சொன்னார்கள். கடல் பக்கம், ரோட்டுப் பக்கம், கொட்டாய்ப் பக்கம். 'இ' முடிந்தது. தோழி பொத்தானை அழுத்த, அது எழுந்து நின்றிருக்கவேண்டும். இரண்டு வரப்பிலும் ஒரே நேரத்தில் ஓவென்று ஒரு சத்தம். அவருக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. வெறும் வானத்தை அண்ணாந்து பார்த்து நின்றார்.

'ரு' ஓடுகிற பாத்திக்குள் கிடந்தது. அவர் வரப்பு வரை வந்து காலைத் தூக்கினார்.

"அய்யா, கால வெக்காதீங்க!"

அவர் தூக்கிய காலோடு நின்றார். அந்த அம்மா போனைத் திருப்பிக் கொடுத்தார். உப்பு வாரியை எடுத்தார். "நான் போறேன். எனக்குத் தெரியும் எங்க மிதிக்கிறதுன்னு. நீங்க பாடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். காலையில் வாரி முடித்த இடமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, பலகையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, கூட்டம் சொன்ன திசைக்கெல்லாம் நடந்தார். கலைஞர் வரப்பில் நின்று பாடினார். பலகை இழுத்த இடத்தில் தண்ணீர் பிரிந்து ஒரு கோடு விழுந்தது. என் 'ரு' அப்படி இல்லை. வயிறு கோணி, வால் நீண்டு, வேறு யாரோ எழுதிய 'ரு'வாக இருந்தது.

கை தட்டல் ஓய வெகு நேரமாயிற்று. விழாக்காரர்கள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். தோழி கொட்டகைக்குப் பின்னால் நின்று அழுதாள். "எங்கயோ தப்பு விட்டுட்டேன்டீ" என்றாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். உண்மையைச் சொல்லவில்லை.

கலைஞர் தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். உப்புக் கல் கிழித்துப் பாதத்தில் இரண்டு இடத்தில் ரத்தம். "இத்தினி வருசம் ஆடறேன், எனக்கு ஜனங்க வழி சொன்னது இன்னிக்குத்தான். ரொம்ப நல்லாருந்துச்சு" என்றார். துணியை மடித்தார். "ஆனா அந்த மொத பத்து நிமிசம் இருக்குதே மேடம், அத இன்னொரு தடவ எனக்குக் குடுத்துராதீங்க."

இரண்டாம் நாள் தோழி எந்தத் தப்புக்கும் இடம் கொடுக்கவில்லை. பாத்தியின் நாலு மூலையிலும் அடையாளப் பலகைகள் நட்டாள். எழுத்து இஞ்ச் பிசகாமல் கிடந்தது. அவர் இஞ்ச் பிசகாமல் ஆடினார். ஜனம் பேசாமல் படம் எடுத்தது. முதல் நாள் வந்த அனுமந்தைப் பெண்கள் திரும்பவும் வந்திருந்தார்கள். முடிந்ததும் அவர்களில் ஒருத்தி என்னிடம், "இன்னாங்க, இன்னிக்கி தப்பே வர்லியா?" என்று கேட்டாள். நான் வரைந்தது வரைந்தபடி வந்த ஒரே நாள் அதுதான். காருக்கும் கொட்டகைக்கும் நடுவே எத்தனை தடவை நடந்தேனோ.

மூன்றாம் நாள் காலை, ரோட்டோர டீக்கடையில், தோழியிடமும் கலைஞரிடமும் சொல்லிவிட்டேன். முதலில் திறந்தது என் போன்தான் என்று.

தோழி கிளாஸை வைத்தாள். "நேத்து பூரா உக்காந்து என் புரோகிராம வரி வரியா பாத்தேன்டீ. அப்ப நீ பக்கத்துலதான் இருந்த."

"தெரியும்."

"ஒரு நிமிசம் சும்மா நிக்க முடியாதா உன்னால?"

நான் எழுந்து கடை வாசல் வரை போய்த் திரும்பினேன். கலைஞர் இரண்டு பேரையும் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார். பிறகு நான்தான், இன்றைக்கு வேண்டுமென்றே எழுத்தைத் தள்ளி வைத்தால் என்ன, அவர் தடுமாறுகிற மாதிரி ஆடினால் என்ன என்று கேட்டேன்.

"தடுமாறுற மாதிரி எனக்கு நல்லாவே ஆட வரும் மேடம். ஆனா அந்தம்மா நெசமா வழி சொல்லும்போது நான் பொய்யா தடுமாற மாட்டேன்."

தோழி கோபம் தணியாமலே வழி சொன்னாள். "பலகையெல்லாம் புடுங்கிடலாம். மொத போன அந்தம்மாகிட்ட குடுப்போம். அவங்க எங்க திறக்கறாங்களோ அங்க கிடக்கட்டும். நம்ம மூணு பேருக்கும் தெரிய வேணாம். உன்கிட்ட மட்டும் போன் கிடையாது."

கேட்டதும் அந்த அம்மா சிரித்தார். "காலைல நாலு மணிக்கு எழுந்து உப்பு வாரிட்டு வந்துருக்கேன். சாயங்காலம் இதுவுமா?" என்றார். ஆனால் வந்தார். தலை வாரி, வேறு புடவை கட்டிக்கொண்டு.

அவர் எழுத்தை வைத்தது பாத்தியிலேயே இல்லை. வாரிய உப்பைக் குவித்து வைக்கிற அம்பாரத்துக்குப் பக்கத்தில், லாரியில் மூட்டை ஏற்றுகிற கெட்டித் தரையில். "அவரு கால பாத்தேன். பாவம், கிழிஞ்சு கிடக்குது. மண்ணுல ஆடட்டும்" என்று பிறகு சொன்னார். கூட்டம் முழுக்க அங்கே நகர்ந்தது. மூட்டை தூக்குகிறவர்களும் சேர்ந்துகொண்டு கத்தினார்கள். 'ரு'வின் பாதியில் ஒரு லாரி பின்பக்கமாக வந்துவிட்டது. டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏம்பா, நிறுத்து, எழுத்து மேல ஏத்திடாத!" என்று ஒருவர் பானெட்டைத் தட்டினார். டிரைவர் இறங்கி வந்து, ஒரு போனுக்குள் எட்டிப் பார்த்து, வாயைப் பிளந்து, இஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். கலைஞர் லாரியைச் சுற்றி ஆடிக்கொண்டு போனார். அந்த அம்மா ஒரு மூட்டையின் மேல் ஏறி நின்று திசை சொன்னார். ஒரு முதுகுகூடக் கலைஞர் பக்கம் திரும்பவில்லை. எழுத்து இருந்த இடத்தில்தானே அவரும் இருந்தார்.

என்னிடம் போன் இல்லாததால் நான் எழுத்தைப் பார்க்கவில்லை. புழுதியில் ஒரு மனிதர் ஆடுவதையும் ஐம்பது பேர் கத்துவதையும் பார்த்தேன். சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால் தெரியவில்லை. கை பரபரத்துக்கொண்டே இருந்தது.

விழாக்காரர்கள் போட்ட வீடியோவில் இருப்பது இரண்டாம் நாள் ஆட்டம். அதுதான் சுத்தமாக இருக்கிறதாம். தோழி என்னோடு பேசுகிறாள், ஆனால் முன்போல் இல்லை. கலைஞர் அடுத்த திருவிழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார், இன்னும் போகவில்லை.

உப்பளத்து அம்மாவின் போனில் மட்டும் அந்தச் செயலி இன்னும் இருக்கிறது. தோழி அதை நிறுத்திவிடலாம் என்கிறாள். நான் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளுகிறேன். அந்த அம்மா தனக்குத் தோன்றுகிற இடத்திலெல்லாம் திறந்து வைத்துவிட்டு வாட்ஸப்பில் குரல் அனுப்புவார். "இன்னிக்கி டீக்கட வாசல்ல வெச்சிருக்கேன்." "இன்னிக்கி எங்க ஊட்டுக் கூரை மேல நிக்குது, எம் பொண்ணு சிரிக்கறா."

போன வாரம் மத்தியானம் ஒரு செய்தி வந்தது. வானம் கறுத்திருக்குது, மழைக்கு முந்தி அம்பாரத்துக்கு ஓலை மூடப் போறோம், போன் எடுக்க நேரமில்ல என்று. அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் வரைந்துகொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு, கார் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.